பெரிய அருவி ஒண்ணு பாக்கணும்: விக்டோரியாவா, இகுவாசுவா, நயாகராவா? எந்த மாசம்?

ஈரோட்டுக்காரன்:
வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போற ஆளு, இப்பதான் முதல் இழை போடறேன். மேட்டர் என்னன்னா அடுத்த வருஷம் குடும்பத்தோட வெளிநாட்டுல ஒரு பெரிய அருவி பாக்கணும். அம்மாதான் ஆரம்பிச்சு வெச்சாங்க, டிவில ஏதோ பாத்துட்டு "சாகறதுக்குள்ள அந்த மாதிரி தண்ணி விழறத ஒருக்கா நேர்ல பாக்கோணும்டா"ன்னு. துபாய் மால் சுத்தறதுல வீட்டுல யாருக்கும் இஷ்டம் இல்ல, சரி காசு செலவு பண்றதா இருந்தா இதுக்கே பண்ணலாம்னு நானும் ஒத்துக்கிட்டேன்.

அம்மாக்கு 66 வயசு, சுகர் இருக்கு, முட்டி கொஞ்சம் தகராறு, ஆனா மெதுவா ஒரு ரெண்டு கிலோமீட்டர் நடந்துருவாங்க. நான், வீட்டுக்காரம்மா, பையன் எட்டாவது. பெண்கள் ரெண்டு பேரும் சுத்த சைவம். பையனோட லீவுன்னு பாத்தா மே மாசம் முழுக்க இருக்கு, இல்லன்னா காலாண்டு லீவு. ட்ராவல் ஏஜென்ட் ஒருத்தர் "நவம்பர்ல விக்டோரியா போங்க சார், ரேட் பாதிதான், ஸ்கூலுக்கு லீவு போட்டுக்கலாம்"னு சொல்றாரு. மூணுல எதுன்னு நீங்களே சொல்லுங்க, போய்ட்டு வந்தவங்க சொன்னா இன்னும் நல்லது.

பச்சைமிளகா:
நவம்பர்ல விக்டோரியாவா? பாறை பாக்க போறீங்களா சார். ஏஜென்ட் ரேட்டை ஏன் பாதியாக்குறான்னு யோசிங்க, அருவியும் பாதி கூட இருக்காது.

ஈரோட்டுக்காரன்:
ஐயோ அப்படியா? உலகத்துலயே பெருசுன்னு போட்டிருக்கானுங்களே, அது எப்படி வத்தும்?

மேப்பைத்தியம்:
பெருசுதான், அதுல சந்தேகம் இல்ல. ஆப்பிரிக்கால ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவுல, எல்லையிலயே விழற அருவி அது. 1,708 மீட்டர் அகலம், 108 மீட்டர் உயரம், ஒரே திரையா விழற தண்ணின்னு பாத்தா அதவிட பெருசு உலகத்துல கிடையாது. ஆனா அந்த அளவெல்லாம் பாறையோட அளவு, தண்ணியோட அளவு மாசத்துக்கு மாசம் மாறும். நீங்க ஈரோடு, காவிரில எவ்ளோ தண்ணி வருதுன்னு டெய்லி பேப்பர்ல பாக்கற ஊரு, அதனால கன அடிலயே சொல்றேன். ஏப்ரல்ல ஜாம்பசி ஆத்துல சராசரியா வினாடிக்கு 1 லட்சம் கன அடி பக்கம் விழும், அதே இடத்துல அக்டோபர் நவம்பர்ல பத்தாயிரத்துக்கு பக்கமா இறங்கிரும். பத்துல ஒரு பங்கு. இது வறட்சி வருஷக் கணக்கு இல்ல, வருஷா வருஷம் நடக்கறது.

இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. அங்க மழைக்காலம் நவம்பர்லயே ஆரம்பிச்சிருது, மார்ச்சோட முடிஞ்சிருது. அப்ப டிசம்பர் ஜனவரிலயே அருவி பொங்கணும் இல்லையா, பொங்காது. ஏன்னா அருவிக்கு வர்ற தண்ணில பெரும்பங்கு அங்க பெய்யற மழை இல்ல, அங்கோலாலயும் ஜாம்பியாவோட வடமேற்கு மூலையிலயும் பெய்யற மழை. அது கீழ இறங்கி வர்ற வழியில பரோட்சே சமவெளின்னு ஒரு பிரம்மாண்டமான தட்டையான நிலம் இருக்கு, தண்ணி மொத்தமும் அதுல பரவி நின்னு, மெதுவா கசிஞ்சு கசிஞ்சு கீழ வரும். அதனாலதான் மழை நின்னு வானம் வெளுத்த அப்பறம் ஏப்ரல்ல அருவி உச்சத்துக்கு போகுது. அந்த சமவெளில லோசி மக்கள் இருக்காங்க, வெள்ளம் ஏறினதும் அவங்க ராஜா லிதுங்கா, லியாலுயிங்கற தாழ்வான ஊர்ல இருந்து மேட்டுல இருக்கற லிமுலுங்காவுக்கு பெரிய படகுல துடுப்பு போட்டு பரிவாரத்தோட போவாரு, குவோம்போகான்னு திருவிழாவே அதுக்கு இருக்கு. ராஜா படகு ஏறினாருன்னா அருவிக்கும் தண்ணி வந்துட்டு இருக்குன்னு அர்த்தம்.

2019 டிசம்பர்ல "விக்டோரியா அருவி வத்திப்போச்சு"ன்னு உலகம் பூரா போட்டோ போட்டானுங்க ஞாபகம் இருக்கா? அந்த வருஷம் வறட்சி நெஜம்தான், ஆனா பாறை மட்டும் தெரியற போட்டோ பெரும்பாலும் ஜாம்பியா பக்கம். அந்தப் பக்கம் பாறை கொஞ்சம் மேடு, தண்ணி குறைஞ்சா முதல்ல காயறது அதுதான். ஜிம்பாப்வே பக்கம் அப்பவும் விழுந்துட்டுதான் இருந்துச்சு.

லுசாகாவாசி:
மேப்பு சொன்னது அத்தனையும் சரி. நான் ஜாம்பியா தலைநகர் லுசாகாலதான் வேலை பாக்குறேன், அருவிக்கு பக்கத்து ஊரு லிவிங்ஸ்டன் இங்கருந்து ரோட்டுல ஒரு பகல் பயணம், ஊர்ல இருந்து யார் வந்தாலும் கூட்டிட்டு போறது என் தலையில விழுந்த டியூட்டி, அதனால எல்லா மாசத்துலயும் பாத்திருக்கேன்.

ஆனா ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. தண்ணி ரொம்ப அதிகமா இருந்தாலும் அருவி தெரியாது. ஏப்ரல்ல போனீங்கன்னா சாரல் 400 மீட்டருக்கு மேல எழும்பும், பல கிலோமீட்டர் தள்ளி ரோட்டுல வரும்போதே வெள்ளையா புகை மாதிரி தெரியும், ஆஹான்னு கிட்ட போய் நின்னா எதிர்ல வெறும் வெள்ளை. எதுவுமே தெரியாது. சத்தம் மட்டும் நெஞ்சுல இடிக்கும், மேலருந்து மழை, கீழருந்தும் மழை, கண்ணாடி போட்டவங்க கதி அதோகதி. அப்படி நனையறதே ஒரு அனுபவம்தான் இல்லன்னு சொல்லல, ஆனா "முழு அருவியையும் பாத்தேன்"னு சொல்ல முடியாது. அந்த சீசன்ல முழுசா பாக்கணும்னா ஹெலிகாப்டர்தான்.

நவம்பர்ல அப்படியே உல்டா. வெயில் மண்டைய பொளக்கும், ஜாம்பியா பக்கம் கருப்புப் பாறை செங்குத்தா நிக்கும், நடுநடுவுல ரெண்டு மூணு ஓடை. எனக்கு தெரிஞ்ச ஒரு குடும்பம் ஊர்ல இருந்து பேக்கேஜ்ல நவம்பர்ல வந்து, ஏஜென்ட் ஜாம்பியா பக்கம் மட்டும் டிக்கெட் போட்டு, அந்தப் பெரியவர் பாறைய பாத்துட்டு "இதுக்கா தம்பி கண்டம் தாண்டி வந்தோம்"னு கேட்டாரு, எனக்கு பதில் சொல்ல முடியல.

இதுல நியாயத்துக்கு இன்னொண்ணும் சொல்லணும், தண்ணி குறைஞ்ச மாசத்துல வர்ற இளவட்டம் சந்தோஷமாதான் போறாங்க. ஆகஸ்ட் கடைசில இருந்து டிசம்பர் வாக்குல வரைக்கும் லிவிங்ஸ்டன் தீவு வழியா டெவில்ஸ் பூல்னு அருவி விளிம்புலயே ஒரு குட்டைக்கு கூட்டிட்டு போவாங்க, அதுல இறங்கி எட்டிப்பாத்தா கீழ பள்ளம். அம்மாவ அதுக்கு கூட்டிட்டு போக மாட்டீங்கன்னு நினைக்கிறேன்.

என் ஓட்டு மே கடைசி, இல்ல ஜூன். தண்ணியும் இருக்கும், சாரலும் கொஞ்சம் அடங்கி திரை தெரிய ஆரம்பிக்கும், மழை கிடையாது, காலையில ஸ்வெட்டர் போடற குளிர்.

ஸ்காபரோ_அண்ணை:
தம்பி, நயாகராவ ஒருத்தரும் கதைக்கேல்ல, அதால நான் சொல்லுறன். நாங்கள் ரொறன்ரோவில இருக்கிற ஆக்கள், சொந்தக்காரர் ஊரில இருந்து, லண்டனில இருந்து, எங்க இருந்து வந்தாலும் முதல் கேள்வி "எப்ப நயாகராவுக்கு கூட்டிக்கொண்டு போறீங்கள்" எண்டுதான். கார் எடுத்தா ஒண்டரை, ரெண்டு மணித்தியாலம், போக்குவரத்து நெரிசல் எண்டா கூட.

உங்கட அம்மாவுக்கு முட்டி வருத்தம் எண்டு சொன்னீங்கள், அதுக்கு நயாகராவ விட்டா வேற இடம் இல்லை. காரில இருந்து இறங்கி வீதிய கடந்தா அருவி. நடைபாதையும் கம்பி வேலியும் தண்ணி விழுற விளிம்புக்கு பக்கத்திலயே இருக்கு, சக்கர நாற்காலியில இருந்துகொண்டே பாக்கலாம். ஹோர்ஸ்ஷூ எண்ட பெரிய அருவி 57 மீற்றர் தான் உயரம், விக்டோரியாவில பாதி, ஆனா தண்ணி எண்டு பாத்தா வருசம் முழுக்க கனக்க விழும். கனடா பக்கம்தான் வடிவு, அதை அமெரிக்கா பக்கத்து ஆக்களே ஒத்துக்கொள்ளுவினம். படகில ஏறினா இஞ்ச சிவப்பு பிளாஸ்டிக் சட்டை, அங்கால நீலம், நடுவில ரெண்டு படகும் எதிரெதிரா நிண்டு எல்லாரும் கைகாட்டுவினம், அது ஒரு பகிடி.

மரக்கறிச் சாப்பாடு பிரச்சினையே இல்லை, ஸ்காபரோவில தோசை, இடியப்பம் கட்டிக்கொண்டு போகலாம். கனடா விசாதான் சுணங்கும், அதுக்கு முதலே போடுங்கோ.

பச்சைமிளகா:
அண்ணே தப்பா எடுத்துக்காதீங்க, நயாகரா இயற்கை அதிசயம் லிஸ்டுலயே வரக்கூடாதுன்னு நான் சொல்வேன். சுத்தி கேசினோ, ராட்டினம், மெழுகு பொம்மை மியூசியம், ராத்திரி ஆனா அருவி மேல பச்சை ஊதா லைட்டு. கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு. அதவிட பெரிய கூத்து, அந்த தண்ணியே கரன்ட் ஆபீஸ்காரன் திறந்து விடற தண்ணி.

ஈரோட்டுக்காரன்:
கரன்ட் ஆபீஸா? அதென்னங்க புது கதை?

மேப்பைத்தியம்:
கதை இல்லங்க, ஒப்பந்தமே இருக்கு. 1950ல கனடாவும் அமெரிக்காவும் கையெழுத்து போட்டது. நயாகரா ஆத்துல இயற்கையா சுமார் 2 லட்சம் கன அடி வருது. சுற்றுலா சீசன்ல பகல் நேரத்துல குறைஞ்சது 1 லட்சம் கன அடி அருவில விழணும், ராத்திரிலயும் குளிர்காலத்துலயும் 50 ஆயிரம் விழுந்தா போதும், மிச்சம் மின்சாரத்துக்கு எடுத்துக்கலாம்னு அதுல எழுதியிருக்கு. ஏப்ரல் 1ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் காலையில 8 மணிலருந்து ராத்திரி 10 மணி வரைக்கும் அந்த 1 லட்சம், அதுக்கப்பறம் அக்டோபர் கடைசி வரைக்கும் ராத்திரி 8 மணியோட சரி. அருவிக்கு மேல ஆத்துல வரிசையா ஷட்டர் வெச்சிருக்கானுங்க, அதை வெச்சுதான் கன்ட்ரோல். நீங்க காலையில பாக்கறதும் நடுராத்திரி பாக்கறதும் ஒரே அருவி இல்ல.

1969ல அமெரிக்க பக்கத்து அருவிய மண்ணணை போட்டு மொத்தமா நிறுத்தியே வெச்சாங்க, அடியில விழுந்து கெடக்கற பாறைய என்ன பண்ணலாம்னு ஆராய. அந்த வருஷம் வறண்ட அருவியைப் பாக்கன்னே கூட்டம் வந்துச்சாம். கடைசில பாறைய எடுக்க வேணாம்னு முடிவு பண்ணி திரும்ப திறந்து விட்டாங்க.

ஆனா மிளகா, தண்ணிய திருப்பி விட்டதுல ஒரு நன்மையும் உண்டு. முன்னாடி அந்த அருவி வருஷத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல பின்னாடி அரிச்சிட்டு போய்ட்டு இருந்துச்சு, 12,000 வருஷத்துல 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கு. இப்ப அந்த அரிப்பு ரொம்ப குறைஞ்சிருச்சு.

ஜோக்_பைத்தியம்:
இதுக்கு ஏன் கனடா போறீங்க, பெங்களூருல இருந்து ராத்திரி பஸ் ஏறினா ஜோக் அருவி. 253 மீட்டர், ராஜா ராணி ரோரர் ராக்கெட்னு நாலு தாரை. அதுவும் கரன்ட் ஆபீஸ் கதைதான், 1964ல லிங்கனமக்கி டேம் கட்டின அப்பறம் ஷராவதி தண்ணி பூரா மின்சாரத்துக்கு போகுது, மார்ச்ல போனா சுவத்துல ஈரம் மாதிரி தெரியும். ஆகஸ்ட்ல நல்ல மழைக்கு அப்பறம் போனா பேச்சு வராது. எந்த அருவியா இருந்தாலும் சீசன் கேக்காம போறது தப்புங்க, குற்றாலத்துக்கே சாரல் விழுந்துருச்சான்னு போன் போட்டு கேட்டுட்டுதானே வண்டிய எடுக்குறோம்.

பச்சைமிளகா:
அதேதான் நானும் சொல்றேன். டேம் கட்டி கதவ மூடி திறக்கறதுக்கு பேரு இயற்கை இல்ல. ஆப்பிரிக்காவோ தென்னமெரிக்காவோ போங்க, அங்கதான் தண்ணி அதுபாட்டுக்கு விழும்.

லுசாகாவாசி:
மிளகா, உன் ஆசைல மண்ண போடறதுக்கு மன்னிச்சுக்கோ. ஜாம்பியா பக்கம் அருவிக்கு பக்கத்துலயே 108 மெகாவாட் மின்நிலையம் இருக்கு, அதுக்கு தண்ணி எடுக்கறது அருவிக்கு மேல இருந்துதான். வெள்ளக்காலத்துல அது ஒரு பொருட்டே இல்ல, ஆனா அக்டோபர்ல ஏற்கனவே மெலிஞ்சு கெடக்கற கிழக்கு ஓரத்துக்கு அதுவும் ஒரு அடி. இருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். 2024 வறட்சில, மின்சாரத்துக்காக இதே ஜாம்பசில அணை கட்டி தேக்கின கரீபா ஏரி அடிமட்டத்துக்கு போய் இங்க கரன்ட் இல்லாம மக்கள் பட்ட பாடு எனக்கு தெரியும். வீட்டுல விளக்கு எரியாதவன்கிட்ட போய் அருவி அழக கெடுக்காதேன்னு நம்ம எப்படி சொல்றது.

சாம்பா_சாம்பார்:
தென்னமெரிக்கான்னு சொன்னதும் மூக்கு வேர்த்து வந்துட்டேன். நான் சாவோ பாலோல இருக்கேன். இகுவாசு பிரேசில் அர்ஜென்டினா எல்லையில இருக்கு, அதுக்கு மேலயும் அந்த ஆத்துல பிரேசில்காரங்க வரிசையா அணை கட்டி வெச்சிருக்காங்க மிளகா சார், அதனால அங்கயும் தண்ணி ஏறி இறங்கறதுல மனுஷன் கை இருக்கு, ஹிஹி.

ஆனா அழகுன்னு பாத்தா நான் இகுவாசுக்குதான் ஓட்டு போடுவேன், மூணுல அதுக்குதான் சுத்தி காடு இருக்கு. ஒரு அருவி இல்ல அது, தண்ணியோட அளவ பொறுத்து 150ல இருந்து 300 வரைக்கும் தாரை, 2.7 கிலோமீட்டர் விளிம்பு. நடுவுல கர்கன்டா டெல் டியாப்லோன்னு 80 மீட்டர் ஆழத்துல ஒரு குழி, அது மேலயே மேடை போட்டு வெச்சிருக்காங்க, எட்டிப் பாத்தா காலுக்கு கீழ பூமி உள்ள போற மாதிரி இருக்கும். அருவி முக்கால்வாசி அர்ஜென்டினா பக்கம், ஆனா அத மொத்தமா பாக்கற காட்சி பிரேசில் பக்கம். ரெண்டு பக்கமும் போகணும், ஒரு பக்கம் மட்டும் பாத்துட்டு வந்தா மனசு ஆறாது.

அம்மாக்கு கவலை வேணாம். அர்ஜென்டினா பக்கம் காட்டுக்குள்ள குட்டி ரயில் இருக்கு, அதுல போய் இறங்கினா ஆத்து மேலயே இரும்பு நடைபாலம், ஒரு கிலோமீட்டர் சொச்சம், படி கிடையாது. பிரேசில் பக்கம் கடைசில லிஃப்ட்.

அங்க தண்ணி வருஷம் பூரா இருக்கும், விக்டோரியா மாதிரி காயாது. ஆனா திடீர்னு எகிறும். 2014 ஜூன்ல 16 லட்சம் கன அடி போச்சு, சராசரியே 60 ஆயிரம் சொச்சம்தான்னா பாத்துக்கங்க. 2023 அக்டோபர் கடைசிலயும் பெரிய வெள்ளம், நடைபாலத்த மூடிட்டாங்க. அந்த மாதிரி நாள்ல டிக்கெட் எடுத்துட்டு போய் கேட்ல நின்னா அழுகதான் வரும்.

இன்னொண்ணு, அருவிக்கு பின்னாடி ஈரப்பாறைல கூடு கட்டுற ஒரு வகை உழவாரக் குருவி இருக்கு, விழற தண்ணித் திரைய கிழிச்சிட்டு நேரா உள்ள பாயும் பாருங்க, நான் அருவிய விட்டுட்டு அதையே பாத்துட்டு நின்னேன். அப்பறம் குவாட்டின்னு நீள மூக்கு வெச்ச பிராணி, கூட்டமா வந்து கையில இருக்கற தின்பண்டத்த பிடுங்கிட்டு போய்டும், அழகா இருக்கேன்னு கொஞ்சப் போனா கடிக்கும்.

சைவத்துக்கு கொஞ்சம் திண்டாட்டம், அர்ஜென்டினால மாட்டுக்கறிதான் எல்லாம். ஆனா மரவள்ளி மாவுல சீஸ் போட்டு சுடற சீபான்னு ஒண்ணு ரோட்டோரமே விப்பாங்க, பாஸ்தா பீட்சா எங்கயும் கிடைக்கும், பருப்புப்பொடி கொண்டு வாங்க, சோறு நான் சொல்லித் தரேன் எங்க கேக்கணும்னு.

ஈரோட்டுக்காரன்:
சாம்பா மேடம் சொல்றத கேட்டதும் வீட்டுக்காரம்மா இகுவாசுன்னு கட்சி மாறிட்டாங்க. பையன் அந்த டெவில்ஸ் பூல பாத்துட்டு அதான் வேணும்னு நிக்கிறான். அம்மா மட்டும் "எங்க தண்ணி ஜாஸ்தியோ அங்க"ன்னு சொல்லிட்டு சீரியல் பாக்க போயிட்டாங்க.

மருந்துச்சீட்டு:
நடுவுல வரேன். எல்லாரும் அழக பத்தி பேசறீங்க, 66 வயசு அம்மாவ பத்தி ஒரு விஷயம் யாரும் சொல்லல.

இகுவாசு போறதா இருந்தா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டே ஆகணும். பிரேசில், அர்ஜென்டினா ரெண்டுமே நம்ம அரசாங்கத்தோட மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியல்ல இருக்கு. அந்த நாட்டுல இருந்து கிளம்பின ஆறு நாளுக்குள்ள இந்தியா வந்து இறங்கினீங்கன்னா சர்டிபிகேட் கேப்பாங்க, இல்லன்னா தனிமைப்படுத்தி வெச்சிருவாங்க, இதுல கெஞ்சினா விட்ருவாங்கன்னு நினைக்காதீங்க. ஊசி போட்டு பத்து நாள் ஆன அப்பறம்தான் சர்டிபிகேட் செல்லும், ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போதும். சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க, முன்கூட்டியே விசாரிச்சிட்டு போங்க.

பிரச்சினை இதுதான்: அது உயிருள்ள கிருமிய பலவீனப்படுத்தி செய்யற ஊசி. 60 வயசுக்கு மேல முதல் தடவையா போடறவங்களுக்கு கடுமையான பக்கவிளைவு வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட அதிகம். அபூர்வம்தான், ஆனா உண்டு. அம்மாவ பாக்கற டாக்டர்கிட்ட உக்காந்து பேசி முடிவு பண்ணாம டிக்கெட் போடாதீங்க. முட்டை அலர்ஜி இருக்கான்னும் கேட்டுக்கங்க.

ஜிம்பாப்வேல மஞ்சள் காய்ச்சல் இல்ல, அங்க கவலை மலேரியா. கொசு மழைக்காலத்துலயும் அதை ஒட்டியும் ஜாஸ்தி, மே கடைசி ஜூன் ஜூலைன்னு குளிர் ஏற ஏற குறையும், ஆனா பூஜ்ஜியம் ஆகாது. மாத்திரை எழுதி வாங்கிட்டு போங்க, சுகர் மாத்திரையோட ஒத்துப்போறதா எழுதச் சொல்லுங்க. எத்தியோப்பியா, கென்யா வழியா ப்ளைட் மாறினா ஏர்போர்ட்ட விட்டு வெளிய வராதீங்க, "நைட் ஸ்டே ஃப்ரீ, ஊர் சுத்தலாம்"னு ஆசை காட்டுவாங்க. அந்த ரெண்டு நாடும் பட்டியல்ல இருக்கு, வெளிய கால் வெச்சா உங்களுக்கும் அந்த சர்டிபிகேட் தேவைப்படும்.

சாம்பா_சாம்பார்:
இத நான் சொல்லியிருக்கணும், எங்க ஆபீஸ்ல எல்லாரும் போட்டுட்டே வர்றதால தோணவே இல்ல. அம்மாவுக்காகன்னா டாக்டர் சொல்றதுதான் சரி. இகுவாசு எங்கயும் ஓடிடாது, பையன் பெருசானதும் அனுப்பி வைங்க.

ஸ்காபரோ_அண்ணை:
அப்ப நயாகராவுக்கு ஊசியும் வேண்டாம், கொசு மாத்திரையும் வேண்டாம். மிளகாத் தம்பிக்கு ஒண்டு சொல்லுறன். லைற் போடினம், கேசினோ இருக்கு, எல்லாம் சரி. ஆனா அந்த மின்சார நிலையத்தையே இப்ப பாக்கலாம், பழைய மின்நிலையம் ஒண்டை திருத்தி, 2022இல அதின்ர சுரங்கத்தையும் திறந்து விட்டிருக்கினம், லிஃப்ட்டில கீழ இறங்கி 670 மீற்றர் நடந்து போனா ஆத்து மட்டத்தில அருவிக்கு முன்னால வந்து நிப்பீங்கள். என்ர மருமகள் அருவிய விட அதைத்தான் கூட நேரம் பாத்தவ. தண்ணிய மனுசன் பிடிச்சு வச்சதும் பாக்கவேண்டிய விசயம்தான் எண்டு நான் நினைக்கிறன்.

பச்சைமிளகா:
சரிண்ணே, கேசினோவ பத்தி சொன்னத வாபஸ் வாங்க மாட்டேன், சுரங்கத்த வேணா ஒத்துக்கறேன்.

அப்ப மனுஷன் கையே படாத பெரிய அருவின்னு எதுவுமே இல்லையா மேப்பு?

மேப்பைத்தியம்:
இருக்கு, போறதுதான் கஷ்டம். வெனிசுவேலால ஏஞ்சல் அருவி, 979 மீட்டர், உலகத்துலயே உயரம், ரோடே கிடையாது, குட்டி விமானம் அப்பறம் படகு அப்பறம் நடை, அதுவும் மழைக்காலத்துலதான் படகு போற அளவுக்கு ஆத்துல தண்ணி. இன்னொண்ணு கயானால கையேட்டூர், போட்டாரோ ஆறு அப்படியே ஒரே மூச்சுல 226 மீட்டர் விழுது, ஜார்ஜ்டவுன்ல இருந்து குட்டி விமானம் ஏறிப் போகணும். போய் நின்னா விளிம்புல கம்பி வேலி கூட இல்ல. அங்க தொட்டி மாதிரி தண்ணி தேக்கி வெச்சிருக்கற ராட்சச செடி ஒண்ணு, அதோட இலை இடுக்குல நகம் அளவு தங்க நிறத் தவளை, முட்டை போடறது குஞ்சு வளர்றது எல்லாமே அதுக்குள்ளதான். கயானால 19ம் நூற்றாண்டுல நம்ம ஊர்ல இருந்து கரும்புத் தோட்டத்துக்கு கப்பல் ஏறினவங்க வாரிசுகள் இன்னும் மாரியம்மனுக்கு கும்பிடு போடறாங்க, மதராசின்னுதான் சொல்லுவாங்க. அது தனி இழை போடற விஷயம்.

ஈரோட்டுக்காரருக்கு அதெல்லாம் சரிவராது. அந்த ரெண்டு நாட்டுக்கும் மறுபடி அதே ஊசிதான்.

ஈரோட்டுக்காரன்:
எல்லாருக்கும் கோடி நன்றிங்க. அம்மாவ பாக்கற டாக்டர்கிட்ட இன்னிக்கு போயிட்டு வந்தோம், அவரும் மஞ்சள் காய்ச்சல் ஊசி இந்த வயசுல வேணாம்னு சொல்லிட்டாரு, மலேரியா மாத்திரைக்கு ஓகே. கனடா விசா எப்ப வரும்னு தெரியாம பையன் லீவ நம்பி உக்காந்திருக்க முடியாது, அண்ணன் கோச்சுக்க கூடாது, அடுத்த முறை கண்டிப்பா வரோம். விக்டோரியா, மே கடைசி வாரம், ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுக்குள்ள திரும்பிரலாம். நவம்பர் ஏஜென்ட்டுக்கு போன் பண்ணி வேணாம்னுட்டேன், "சார் மேல மழை சார்"னாரு, எந்த ஊரு மழைய சொன்னாருன்னு கேக்கல.

லுசாகாவாசிக்கு மட்டும் சில கேள்வி. எந்தப் பக்கம் தங்கறது? ரெண்டு நாட்டுக்கும் தனித்தனி விசாவா? அம்மாவால முழுசா நடக்க முடியுமா? நிலா வெளிச்சத்துல வானவில் தெரியும்னு பையன் எங்கயோ படிச்சிருக்கான், நெஜமா?

லுசாகாவாசி:
ஜிம்பாப்வே பக்கமே தங்குங்க. அருவியோட முக்கால் பங்கு முகம் அந்தப் பக்கத்துல இருந்துதான் தெரியும், ஊரே கேட்டுக்கு பக்கத்துல இருக்கு, உள்ள பாதை பெரும்பாலும் சமதளம், சாரல்லயே வளர்ந்த காட்டு நிழல்ல நடந்துட்டே இடையிடையில எட்டிப் பாக்கற இடங்கள், அம்மா வேணும்ங்கற இடத்துல உக்காந்துக்கலாம். முழுசும் நடக்கணும்னு இல்ல, லிவிங்ஸ்டன்ங்கற வெள்ளைக்கார பயணியோட சிலை இருக்கற பக்கம் போனாலே முதல் பாய்ச்சல் கண்ணுக்கு நேரா நிக்கும், முட்டி ஒத்துழைச்சா மேல நடங்க. ஜாம்பியா பக்கம் நைஃப் எட்ஜ்னு ஒரு குறுகலான பாலம் இருக்கு, சாரல்ல சொட்டச் சொட்ட நனையும், படியும் வழுக்கும், அதுக்கு நீங்களும் பையனும் மட்டும் ஒரு அரைநாள் போய்ட்டு வாங்க.

காசா யூனிவிசான்னு ஒண்ணு, 50 டாலர், ஒரு மாசத்துக்கு ஜாம்பியா ஜிம்பாப்வே ரெண்டுக்கும் சேர்த்து எத்தனை தடவ வேணா தாண்டலாம், இந்திய பாஸ்போர்ட்டுக்கும் குடுக்கறாங்க. கசுங்குலா எல்லை வழியா பகல்ல மட்டும் போட்ஸ்வானா போய்ட்டு வரவும் அதுல இடம் இருக்கு, அங்க சோபே தேசியப் பூங்கா போனா ஆத்தங்கரைல யானைக் கூட்டம், அம்மாவுக்கு அருவிய விட அது பிடிச்சாலும் ஆச்சரியப்பட மாட்டேன். கிளம்பறதுக்கு முன்னாடி தூதரக சைட்ல ஒருக்கா சரிபார்த்துக்கங்க, ஸ்டிக்கர் ஸ்டாக் இல்லன்னு சில நேரம் கைவிரிப்பாங்க, அப்ப தனித்தனியா எடுக்கணும்.

நிலா வானவில் நெஜம்தான். தண்ணி நிறைய இருக்கற மாசங்கள்ல பௌர்ணமிய ஒட்டி ராத்திரி கேட்ட திறந்து விடுவாங்க, தனி டிக்கெட். கண்ணுக்கு வெள்ளை வளைவாதான் தெரியும், கேமராவ ஸ்டாண்டுல வெச்சு ரொம்ப நேரம் திறந்து விட்டாதான் கலர் வரும், பையன்கிட்ட முதல்லயே சொல்லி வைங்க. ஹோட்டல் புக் பண்றதுக்கு முன்னாடி காலண்டர பாத்து பௌர்ணமிக்கு தேதிய தள்ள முடியுமான்னு பாருங்க.

சாப்பாட்டுக்கு, ஜாம்பியா பக்கம் இஃபிசாஷின்னு கீரைய வேர்க்கடலை மாவுல வேக வெச்சது கிடைக்கும், சோளக்களியோட தருவாங்க, சுத்த சைவம், களி தின்ன வாய்க்கு பழகிரும். ஆனா கீரைல காஞ்ச மீன் போட்டிருக்கான்னு ஒருக்கா கேட்டுட்டு வாங்குங்க.

ஜிம்பாப்வே பக்கம் கேட்ல ஆளுக்கு 50 டாலர். சின்ன நோட்டா நிறைய கொண்டு வாங்க, மிச்சம் குடுக்க அவங்ககிட்ட சில்லறை இருக்காது. போனுக்கு தண்ணி புகாத பை, அம்மாவுக்கு பிடிமானம் உள்ள செருப்பு. மழைக்கோட்டு கேட்லயே வாடகைக்கு குடுப்பாங்க, ஆனா ஊர்லருந்தே நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வாங்க, அங்க குடுக்கறது எத்தனை பேர் போட்டதுன்னு யாருக்கும் தெரியாது.

ஈரோட்டுக்காரன்:
அருமைங்க, எல்லாம் குறிச்சிக்கிட்டேன். அம்மா பக்கத்துல உக்காந்து கேக்கறாங்க, அந்த ஆத்துல ஒரு முழுக்கு போட முடியுமான்னு.

லுசாகாவாசி:
முடியவே முடியாதுன்னு சொல்லுங்க. மேல பூரா முதலை, நீர்யானை. வேணும்னா சாயங்காலம் படகு சவாரி இருக்கு, சூரியன் இறங்கறப்ப, படகுல உக்காந்தே நீர்யானைய பாக்கலாம். கையையும் வெளிய நீட்ட வேணாம்.